கடைவாய்ப் பல்

குதிரையின் மண்டைக்குள் கட்டுத்துணியைத் தொலைத்துவிட்டான் டாக்டர் டேவிட்சன்.

மனிதர்கள் சாவியைத் தொலைப்பார்கள், குடையைத் தொலைப்பார்கள். டேவிட்சன் அதையெல்லாம் ஏற்கெனவே தொலைத்து முடித்தவன். இது புதிது. காரணமும் வேறு யாருமில்லை. முந்தாநாள் அறுவை முடிந்ததும், குதிரையின் கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பில் தான் போட்ட வட்டத் துளைக்குள் நீளமான கட்டுத்துணியைத் திணித்து அடைத்து, பிறகு உருவுவதற்காக ஒரு முழம் வாலை வெளியே தொங்க விட்டிருந்தான். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளப் போனபோது, அந்த வால் குதிரைக்குச் சளி ஒழுகுவதுபோல அசிங்கமாக இருந்தது. கத்தரிக்கோலை எடுத்து ஒட்ட நறுக்கினான். போட்டோ நன்றாகத்தான் வந்திருக்கும். துணிதான் உள்ளே போய்விட்டது.

“சார், காணும்,” என்றார் பெரியநாயகசாமி. கால்நடை மருந்தகத்தின் உதவியாளர். ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டதால் எதற்கும் பதறுவதை நிறுத்திவிட்டவர்.

“எது?”

“துணி. உள்ள போயிருச்சு.”

“உள்ள எங்கண்ணே போகும்? மண்டைதானே இருக்கு.”

“அதான் சார். மண்டைக்குள்ள.”

போட்டோ துபாய்க்குப் போகவேண்டியது. அங்கே ஒரு ஷேக்கின் பந்தயக் குதிரை லாயத்துக்கு மாட்டு டாக்டர்கள் தேவைப்படவில்லை, குதிரை டாக்டர்கள்தான் தேவைப்பட்டார்கள். சென்னை ஓட்டலில் நடந்த நேர்காணலில், குதிரைப் பல் அறுவை செய்ததுண்டா என்று கேட்டபோது டேவிட்சன் கண்ணிமைக்காமல் “நிறைய” என்றான். அவன் பார்த்தது ஒன்றே ஒன்று. அதுவும் கல்லூரியில், உயரமான பையன்களுக்குப் பின்னால் நின்று. குதிரையின் வால் பகுதி நன்றாகத் தெரிந்தது.

தை மாதம். சம்பா அறுவடை முடிந்து, நெடுவாய்க்குடியின் வயல்களெல்லாம் தாளடியோடு வெளுத்துக் கிடந்தன. களத்து ஓரத்துக் கொட்டகையில் புது வைக்கோலின் இனிப்பு வாசமும், அதற்கடியில் குதிரையின் மூக்கிலிருந்து இன்னும் முழுசாகப் போகாத அழுகல் வாசமும் கலந்து நின்றன. அந்த அழுகல் வாசத்துக்காகத்தான் குதிரையின் சொந்தக்காரி, கீழத்தெருத் தங்கம்மாள் அவனை அழைத்திருந்தாள். இடது மூக்கில் மட்டும் சீழ். கடிவாளத்தை வாயில் வைத்தால் தலையை உதறிக்கொண்டு கல்தூண்போல நின்றுவிடும். கடைவாய்ப் பல் ஒன்று வேரோடு அழுகி, மேலே கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையில் சீழைக் கொட்டிக்கொண்டிருந்தது.

அவசரம் பல்லுக்கு மட்டுமில்லை. நாளை மாலை மாப்பிள்ளை அழைப்பு. தங்கம்மாளின் ஒரே மகன் செம்மொழி, சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவன், இந்தக் குதிரை மேல் ஏறி மேலத்தெரு வழியாகப் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். கீழத்தெருவின் கல்யாண ஊர்வலம் எதுவும் இதுவரை மேலத்தெருவுக்குள் நுழைந்தது கிடையாது. வாய்க்கால் கரையைச் சுற்றித்தான் போகும். தங்கம்மாள் சுற்றிப் போவதாக இல்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துப் போலீஸ் பந்தோபஸ்தும் வாங்கிவிட்டாள். குதிரை மட்டும் நடந்தால் போதும்.

“ஏம்மா, இந்தக் கெழட்டுக் குதிரைதான் வேணுமா?” என்று டேவிட்சன் முதல் நாளே கேட்டிருந்தான். “திருச்சியில வெள்ளைக் குதிரை வாடகைக்குக் கிடைக்குது. பேண்டு செட்டு அடிச்சா டான்ஸ்கூட ஆடும்.”

“ஆடுற குதிரை நமக்கு எதுக்கு தம்பி? நடக்குற குதிரை போதும்.”

“இதுக்கு என்ன வயசிருக்கும்?”

“எனக்கு என்னா தெரியும்? நானா பிரசவம் பாத்தேன்?”

மேலத்தெருப் பண்ணை வீட்டார் நிலத்தையெல்லாம் விற்றுவிட்டுப் பாதிப் பேர் சென்னைக்கும் பாதிப் பேர் அமெரிக்காவுக்கும் போனபோது, மிச்சமிருந்த சாமான்களை ஏலம் விட்டார்கள். தேக்குக் கட்டில், பித்தளை அண்டா, ஆளுயரக் கண்ணாடி எதையும் தங்கம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. கொல்லையில் கட்டிக் கிடந்த இந்தக் குதிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். தினமும் கொள்ளு அவள்தான் வைப்பாள். வைக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். டேவிட்சன் அதைக் கவனித்திருந்தான். நாற்றத்துக்காக என்று நினைத்தான்.

குதிரையின் வயதைத் தங்கம்மாள் சொல்லாவிட்டாலும் அதன் முன்பற்கள் சொல்லின. மேல்வரிசை ஓரப்பல்லில் நெடுக்காக ஒரு பள்ளம் இருக்கும். பத்து வயதில் ஈறருகே தொடங்கி, இருபதில் பல் முழுக்க ஓடி, அப்புறம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மறையும். இந்தக் குதிரைக்கு அது ஏறக்குறைய முழுசாக மறைந்துவிட்டிருந்தது. முப்பதை நெருங்கும் குதிரை. இந்த வயதில் கடைவாய்ப் பல் தேய்ந்து தேய்ந்து, வேரில் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அறுவை சுலபம் என்று சந்தோஷப்பட்டிருந்தான்.

சுலபமாக இல்லை. குதிரையை வைக்கோல் மெத்தையில் மயக்கிக் கிடத்தி, துளை வழியே இரும்பு உளியைப் பல்லின் வேரில் பொருத்தி, பெரியநாயகசாமி சுத்தியலால் அடிக்க, டேவிட்சனின் ஒரு கை வாய்க்குள் பல்லைத் தொட்டு, அடிக்கு அது அதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. பல் வந்துகொண்டே இருந்தது. முடிகிற இடத்தில் முடியவில்லை. கடைசியில் உள்ளங்கையில் விழுந்தபோது அது அவன் நடுவிரலைவிட நீளமாக இருந்தது. அஞ்சு வயதுக் குதிரையின் பல். தேயாத பல். மற்ற பற்களெல்லாம் முப்பது வருஷம் புல் மென்றிருக்க, இது மட்டும் ஏதோ ஒரு நாளில் மெல்லுவதை நிறுத்திக்கொண்டதுபோல.

புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. டேவிட்சன் அதை ஒரு மருத்துவ அதிசயம் என்று முடிவுசெய்து, போட்டோவுக்குக் கையில் பிடித்துக்கொண்டான்.

இப்போது நீள இடுக்கியைத் துளைக்குள் விட்டான். பெரியநாயகசாமி டார்ச் அடித்தார். குதிரைக்குப் பாதி மயக்கம் கொடுத்திருந்தது. தலை தொங்கி, கீழுதடு தளர்ந்து, தூங்கி வழியும் கிளார்க்கைப்போல நின்றது. இடுக்கி தேடியது, பிடித்தது, இழுத்தது. துணி வந்தது. ரத்தமும் மஞ்சளுமாக, சுருள் பிரிந்து, குமட்டலான வாடையோடு, திணித்த துணி முழுக்க வந்து தட்டில் விழுந்தது.

“அப்பாடா,” என்றான் டேவிட்சன். “துபாய் பிழைச்சுது.”

“குதிரையும் பிழைச்சுது சார்,” என்றார் பெரியநாயகசாமி, எது முக்கியம் என்று நினைவூட்டுகிற குரலில்.

அவர் தட்டைக் கழுவப் போனார். டேவிட்சன் டார்ச்சை வாங்கி, சும்மா ஒரு தடவை உள்ளே பார்த்தான். ஈரமான, இளஞ்சிவப்பான, காலியான அறை. அதன் கோடியில், பல் இருந்த குழிக்கு மேலே, பழுப்பாக ஒரு நூல். வைக்கோல் தும்பாக இருக்கும். இடுக்கியை நீட்டினான். தும்பு இல்லை. முறுக்கிய பருத்தி நூல். இடுக்கியின் நுனி பட்டதும் அது உள்பக்கமாக, மெதுவாக, நகர்ந்துகொண்டது.

அவன் டார்ச்சை அணைத்தான். வெளிச்சம்தான் கண்ணை ஏமாற்றுகிறது என்பது அவன் வாதம்.

இருட்டில் சத்தம் கேட்டது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த அறை மூக்கோடு சேர்ந்தது. குதிரை மூச்சு விட்டால் துளை வழியாகவும் காற்று வரும், போகும். புத்தகத்தில் இருக்கிறது. டேவிட்சன் தன்னைத் தேற்றிக்கொண்டு, குதிரையின் விலாவில் கை வைத்தான். விலா மெல்ல உயர்ந்தது. நெடுநேரம் நின்றது. மெல்லத் தாழ்ந்தது. மயக்கத்தில் இருக்கிற பெரிய பிராணியின் சாவகாசமான மூச்சு.

துளையில் அந்த மூச்சு இல்லை.

துளையில் இருந்த மூச்சு அவசரமாக இருந்தது. இழுப்பும் விடலும் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு, நடுவில் தொண்டை அடைத்து, மறுபடி பறந்து. ஓடுகிறவனின் மூச்சு. நிற்க முடியாமல் ஓடுகிறவனின் மூச்சு.

டேவிட்சன் கையை எடுத்துக்கொண்டான். புதுத் துணியைத் திணிக்க வேண்டும் என்கிற விதி நினைவுக்கு வந்தது. திணிக்கவில்லை. அந்த மூச்சை அடைக்க அவனுக்குக் கை வரவில்லை. துளையின் மேல் மெல்லிய வலைத்துணி ஒன்றை மட்டும் ஒட்டிவிட்டுக் கிளம்பினான்.

மறுநாள் மதியம் குஞ்சிதபாதம் ஆள் அனுப்பினார். பண்ணைக்குக் காரியக்காரராக இருந்தவர். பண்ணையே போனபின்னும் மேலத்தெருவில் அவர் சொல்தான் ஓடியது. அவர் வீட்டுத் திண்ணையில் டேவிட்சனுக்குப் பலகாரமும் காப்பியும் வந்தன. வாசலில் வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. தெரு நெடுக அகலமாய், நேராய், ஆற்றங்கரைவரை ஓடியது.

“குதிரை எப்படி இருக்கு தம்பி?”

“தேறிடுச்சுங்க. சாயங்காலம் நடக்கும்.”

“நடக்குமா?” குஞ்சிதபாதம் தெருவைப் பார்த்தார். “அது மேல யாரும் ஏறி ரொம்ப வருஷமாச்சு.”

“ஏன் ஏறலை?”

“ஏறல.”

“கடைசியா யார் ஏறினது?”

“காப்பி ஆறுது பாருங்க.”

டேவிட்சன் காப்பியைக் குடித்தான். வாய் சுட்டது. “எலும்புக்குள்ள நூல் மாதிரி என்னமோ இருக்குங்க. பழசு. அதுக்கு வாயில எப்பவாவது அடி பட்டிருக்கா? துணி ஏதாவது…”

பெரியவரின் கை மடியிலிருந்து எழுந்து மறுபடி மடிக்கே போனது. “குதிரைன்னா குதிரைதான் தம்பி. வாயில ஆயிரம் போகும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “வயசான உசுரு. ஒரு ஊசியில நிம்மதியாப் போகும். ஆபரேஷன் தாங்கலன்னு சொன்னா யாரு கேக்கப்போறா? துபாய் போறதுக்கு உங்களுக்குத் தடையில்லாச் சான்று வேணுமாமே. மெட்ராஸ்ல எங்க பண்ணைச் சின்னவரோட மச்சான் மேசையிலதான் கெடக்குது. ஒரு போன் போதும். கெடக்கவும் செய்யும், வரவும் செய்யும்.”

வீரமான பதில்கள் பல டேவிட்சனுக்குத் தெரியும். அவை எப்போதும் பஸ் ஏறியபிறகுதான் வரும். “பாக்குறேங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்தான். மருந்தகத்துக்குப் போனவன் அந்த ஊசி மருந்தையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். எடுத்துப்போவது ஒன்றும் குற்றமில்லையே என்று வழி நெடுகத் தனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டு வண்டியை ஓட்டினான்.

கொட்டகையில் யாருமில்லை. கீழத்தெருவில் ஒலிபெருக்கி சோதனை நடந்துகொண்டிருந்தது. வாழைமரம் கட்டுகிறவர்களின் கூச்சலில் பெரியநாயகசாமியின் குரலும் இருந்தது. மூன்று மணி வெயில் கீற்றுகளின் வழியே கோடு கோடாக விழுந்து, வைக்கோல் தூசி அதில் மிதந்தது. பேய் வருகிற நேரமே இல்லை. அந்த நினைப்பு அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சிரிஞ்சில் மருந்தை ஏற்றினான். கழுத்து நரம்பைத் தேடினான்.

குதிரை தலையைத் திருப்பியது. இன்றைக்கு அதற்கு மயக்கம் ஏதும் கொடுக்கவில்லை. கண்கள் தெளிவாக இருந்தன. அது அவனைப் பார்த்துவிட்டு, அந்தப் பெரிய, எலும்பு கனத்த தலையைக் கொண்டுவந்து அவன் தோளில் வைத்தது. நோய் தீர்ந்த மாடுகள் அப்படிச் செய்வதுண்டு. அதற்குத்தான் அவன் இந்த வேலைக்கே வந்தான், அதை யாரிடமும் சொன்னதில்லை.

துளை அவன் காதருகே இருந்தது.

மூச்சு. ஓட்டம். மூச்சுக்கு அடியில், மிகத் தொலைவில், வேறொன்று. வெறுங்கால்கள் மண்ணை அறைகிற சத்தம். தப், தப், தப். கூடவே குளம்போசை. இரண்டும் சேர்ந்து. நேரான, அகலமான ஒரு தெருவில் ஓடினால் எப்படிக் கேட்குமோ அப்படி.

டேவிட்சன் ஜெபம் பண்ணப் பார்த்தான். ஜெபம் வரவில்லை. பதினாறாம் வாய்ப்பாடுதான் வந்தது. அதையே பாதிவரை சொன்னான்.

பிறகு சிரிஞ்சை வைக்கோலில் பீய்ச்சிக் காலி செய்தான். “போன் பண்ணிக்கோங்கய்யா,” என்றான் உரக்க, யாருமில்லாத கொட்டகையில். “கெடக்கட்டும் உங்க சான்று.” குரல் கீச்சென்று வந்தது. வந்தவரை சரி.

வலைத்துணியைப் பிரித்தான். அந்தப் பழுப்பு நூல் இப்போது வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தது.

பிடித்து இழுத்தான். நூல் வந்தது. நூலுக்குப் பின்னால் இன்னொரு நூல், அதன்பின் பிசிறுகள், பிசிறுகள் சேர்ந்து ஒரு விளிம்பு. துணி. கைத்தறி. துளைக்குள் கசங்கிச் சுருங்கி, வெளியே வந்ததும் ஈரத்தோடு விரிந்தது. அதில் சீழ் வாடை இல்லை. வியர்வை வாடை. புழுதி, ஆற்றுமணல், பீடி. இன்றைக்குக் காலையில் யாரோ உடுத்தியிருந்ததுபோல. இழுக்க இழுக்க வந்தது. குதிரை அசையவில்லை. நெடுநாள் தொண்டையில் சிக்கியது வெளியேறுவதுபோல இமைகளைத் தாழ்த்திக்கொண்டது. ஒரு முழம். இன்னும். ஓரத்தில் சிவப்புக் கரை. இந்தத் தலைக்குள் இத்தனைக்கு இடமில்லை. இடமே இல்லை. அவன் கையில் சுற்றிக்கொண்டே இழுத்தான், டாக்டராக, ஒழுங்காக, நிதானமாக.

துணி நின்றது.

எங்கோ சிக்கிவிட்டது என்று நினைத்தான். கொஞ்சம் தளர்த்தினான்.

உள்ளேயிருந்து இழுத்தது.

ஒரே ஒரு தடவை. மெதுவாக. கயிற்றின் மறுமுனையில் ஆள் இருக்கிறானா என்று பார்க்க இழுப்பதுபோல.

டேவிட்சன் ஓடினான். துணியை உதறியது நினைவில்லை. பையை எடுத்தது நினைவில்லை. வண்டி உதைத்தால் கிளம்பவில்லை. உதைத்தான். கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டே ஓடினான். களம். வரப்பு. வாய்க்கால் கரை. துபாய் இந்தத் திசையில்தான் இருக்கிறதென்றால் துபாய்வரை தள்ளிக்கொண்டே போயிருப்பான்.

வாய்க்கால் பாலத்தின் மேல் மேலத்தெரு ஆட்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். கையில் கம்புகள் இருந்தன, சும்மா வைத்திருப்பதுபோல. அவர்களுக்கு நடுவில் குஞ்சிதபாதம், குடை பிடித்தபடி.

“என்ன டாக்டர் தம்பி,” என்றார் அவர், புன்னகையோடு. “முடிஞ்சுதா?”

டேவிட்சன் நின்றான். மூச்சு வாங்கியது. தன் மூச்சு தன் காதில் விழுந்தது: இழுப்பும் விடலும் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு. இதே சத்தத்தைத்தான் அந்தத் துளையில் கேட்டான். இப்படித்தான் ஒருவன் ஓடியிருக்கிறான். இந்த மனிதர் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பயம் போகவில்லை. பயத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அதற்கு முதுகு நேராக இருந்தது.

“இல்லீங்க,” என்றான் டேவிட்சன். “பாதிதான் வெளிய வந்திருக்கு.”

பெரியவரின் முகத்திலிருந்து புன்னகை வடிந்தது. “என்னா வந்திருக்கு?”

“செவப்புக் கரை போட்ட துணி.”

குடை சாய்ந்தது. கம்பு வைத்திருந்த இளைஞர்கள் ஒன்றும் புரியாமல் அவரையே பார்த்தார்கள். அவர் கண்கள் டேவிட்சனைத் தாண்டி, களத்துக் கொட்டகையின் மேல் நின்றன. அதற்குமேல் அங்கே நிற்க டேவிட்சனுக்குத் தைரியம் இல்லை. வண்டியைப் போட்டுவிட்டு, வந்த வழியே, நடக்கவில்லை, ஓடினான். நடந்தால் மனசு மாறிவிடும் என்று அவனுக்கு அவனைப்பற்றித் தெரியும்.

கீழத்தெருவில் மேளம் கொட்டத் தொடங்கியிருந்தது.

கொட்டகைக்குள் தங்கம்மாள் நின்றாள். பட்டுப்புடவை, புதுச் செருப்பு. துணி அவள் முன்கையில் இறுகச் சுற்றியிருந்தது. மறுமுனை துளைக்குள். நடுவில் அது கம்பிபோல விறைத்து, லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. குதிரை நான்கு கால்களையும் அகட்டி ஊன்றி, தலையை எதிர்ப்பக்கம் சாய்த்து, தன் பங்குக்கு இழுத்துக்கொண்டிருந்தது. தங்கம்மாள் இன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“ஓடிட்டீங்கன்னு நெனைச்சேன்,” என்றாள்.

“ஓடினேம்மா. திரும்பி வந்துட்டேன்.”

“இஞ்ச வந்து புடிங்க தம்பி. எனக்கு ஒண்டியா முடியல.”

பிடித்தான். இருவரும் இழுத்தார்கள். துணி ஒரு விரற்கடை வந்தது. உள்ளே மூச்சு பறந்தது, இப்போது கொட்டகை முழுக்கக் கேட்கும்படி. வெளியே மேளத்தோடு பேண்டும் சேர்ந்துகொண்டது. செம்மொழி மாலையோடு வாசலில் வந்து நின்றான். தாயின் முகத்தைப் பார்த்தான். மாலையைக் கழற்றி மூங்கிலில் மாட்டிவிட்டு, டேவிட்சனுக்குப் பின்னால் வந்து துணியைப் பிடித்தான்.

இன்னொரு விரற்கடை. துளையின் ஓரத்தில் எலும்பு, முட்டை ஓடு போல, விண்டது. குதிரை கத்தவில்லை. வாயை மட்டும் திறந்தது. அகலமாக. இடுக்கி இல்லாமல், தாடையை அகட்டும் கருவி இல்லாமல்.

முடிச்சு வெளியே வந்தது.

முடிச்சைப் பிடித்தபடி விரல்கள் வந்தன.

நான்கு. பிறகு கட்டைவிரல். ஒரு நாணயத்தின் அகலமே உள்ள ஓட்டையில், ஒன்றன்மேல் ஒன்றாக நெரிந்து. நகங்கள் பிய்ந்திருந்தன. பிய்ந்த இடங்களில் புழுதி. மேலத்தெருப் புழுதி, வெளிறிய நிறம். அவை துணியை விடவில்லை. மணிக்கட்டு வந்தது. அது துடித்தது. டேவிட்சனின் கை துணியில் இருந்தது, துணியில் அந்தக் கை இருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒரு சாணுக்கும் குறைவான தூரம். அந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, தடவி, அவன் விரல்களைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டன.

சூடாக இருந்தன. அதுதான் தாங்க முடியவில்லை.

“யாரும்மா?” என்றான். கத்தினானா, முணுமுணுத்தானா தெரியவில்லை. “எல்லாரும் மழுப்புறீங்களே! யாரும்மா இது? உள்ள யாரு?”

தங்கம்மாள் பிடியை விடாமல், குதிரையின் கண்ணைப் பார்த்தபடி, மேளச் சத்தத்துக்கு மேலே, நிதானமாகச் சொன்னாள்.

“எங்க வூட்டுக்காரரு. மருதையன். கூலி கேக்கப் போன அன்னைக்குத் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு மேலத்தெருவுல நடந்தாரு. இடுப்புல கட்டுடான்னாங்க. மாட்டேன்னாரு. அந்தத் துண்டையே கழுத்துல முடிச்சுப் போட்டு, மறு முனைய இந்தக் குதிரை வாயில கடிவாளத்தோட சேத்துக் கட்டி வெரட்டுனாங்க. ஓடுனாரு. தெரு முடியிற வரைக்கும் ஓடுனாரு. இவன் அப்ப வயித்துல. ஆத்தங்கரையில போயிப் பாத்தா குதிரை மட்டும்தான் நின்னுச்சு, வாய மூடிக்கிட்டு. கப்பலேறிப் போயிட்டான்னு எனக்குச் சொன்னாங்க. போகல. இதுல இருக்காருன்னு எனக்குத் தெரியும். வுட்றாதீங்க தம்பி, இழுங்க. அவரு இன்னைக்கு அந்தத் தெருவுல நடக்கணும்.”